நீல மூடி

கையெழுத்தெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் அம்மணி, மொதல்ல அந்த மோரைக் குடிங்க. வெய்யில்ல வந்திருக்கீங்க. ஃபாரத்தை அப்படி ஓரமா வைங்க, இந்தக் கிடேரி தின்னுபோடும். காயிதம்னா கழுத்தை நீட்டும். போன வாரம் ரேசன் கார்டைப் பாதி மென்னுட்டுது.

என்ன சொன்னீங்க? தாது உப்பு, அறுபது நாளு, பருவத்துக்கு வராத மாட்டுக்கும் கிடேரிக்கும். பத்து நாளைக்கு ஒருக்கா ரத்தம் எடுப்பீங்க. ஆமா. எனக்கு அத்தனையும் தெரியுமுங்க, நீங்க பாடம் ஒப்பிக்க வேண்டாம். மூணு வருசத்துக்கு முன்னால இதே மாட்டுக் கட்டுத்தறியில நின்னுட்டு இதே பேச்சை உங்க காலேஜுப் பொண்ணு பேசிட்டுத்தான் போச்சு. முத்தரசின்னு பேரு, தெக்கத்திப் பொண்ணு. உங்களுக்கு மூத்தவங்களா? சரி. நல்லா இருக்காங்களா?

அந்தப் பொண்ணு மேல எனக்கு வருத்தம்தான். நல்ல பொண்ணுதான். இருந்தாலும் வருத்தம்தான்.

இந்த ஊருக்குள்ள அத்தாயின்னு கேட்டா, மாட்டுக்கு மருந்து வெக்கச் சோம்பல்பட்டவன்னு சொல்லுவாங்க. பால் சொசைட்டியில சொன்னாங்களா இல்லியா? பாருங்க, உங்க மூஞ்சியே சொல்லுது. அதுக்குத்தான் உக்காரச் சொல்றேன். நீங்க வெளியூரு. இன்னைக்கு வந்துபோட்டு நாளைக்குப் போறவங்க. உங்ககிட்டச் சொன்னாத்தான் உண்டு.

ரெண்டு வீடு பாக்கறீங்கல்ல? இக்கட்ட இருக்கறது எங்க வீடு. அக்கட்ட என்ற கொழுந்தன் வீடு. கொழுந்தன் சம்சாரம் பூங்கொடி. நடுவால இந்தக் கட்டுத்தறி ரெண்டு வீட்டுக்கும் பொது. பாகம் பிரிச்சப்ப எல்லாத்தையும் பிரிச்சாங்க, கெணத்துத் தண்ணிக்கு மொறை வெச்சாங்க, இதை மட்டும் பிரிக்கல. நடுவுல செவுரு வெச்சா மாட்டுக்குக் காத்து வராதுன்னு எங்கூட்டுக்காரரு சொல்லிப்போட்டாரு. அன்னைக்கு ஒரு செவுரு வெச்சிருந்தா இன்னைக்கு நான் உங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிட்டு உக்காந்திருக்க மாட்டேன். தப்பு அவரு மேலதான்.

அப்ப எனக்கு ஒரு செவலை இருந்துது. ஜெர்சிக் கலப்பு. அதோட ஆத்தா கன்னு போட்ட மூணாம் நாளு செத்துப்போச்சு. நான் பாட்டில்ல பால் குடுத்து வளத்தேன். என்ற முந்தானையைச் சப்பிட்டே வளந்துது. பெரிய மாடான பொறகும் நான் கிட்டப் போனா முந்தானையைத் தேடும். பெத்த புள்ள கல்யாணம் கட்டிப் போனப்பக்கூட நான் அழுவல, ஆனா இந்தச் செவலைக்கு ஒரு நாள் வகுறு ஊதுச்சுன்னா எனக்குச் சோறு எறங்காது. அப்படி ஒரு பிரியம்.

ரெண்டு ஈத்து ஈன்னுது. ரெண்டாவது ஈத்துக்கப்புறம் சத்தமே இல்ல. மாடுன்னா கத்தோணும், கண்ணாடியாட்டம் கோழை ஒழுகோணும், பக்கத்து மாட்டு மேல ஏறோணும். அப்பத்தான செனை ஊசி போட முடியும்? இது ஒண்ணுமில்லாம சாமியாராட்டம் நிக்குது. ஒம்போது மாசம். பால் சுருங்கிப்போச்சு. எங்கூட்டுக்காரரு நாலு பேச்சுப் பேசறவரு இல்ல. ஒரே பேச்சு. "ஆடி முடியட்டும். அதுக்குள்ள பருவத்துக்கு வரலைன்னா அடிமாட்டுக்குத் தள்ளிரலாம்" அப்படின்னாரு. சொல்லிப்போட்டுத் துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டுப் போயிட்டாரு.

பூங்கொடிக்கு ஒரு காரி இருந்துது. கறுப்பு மாடு. அதுவும் அப்படித்தான் நின்னுது. அது எனக்கு ஒரு ஆறுதலா இருந்துது, பொய் சொல்லுவானேன்.

அப்பத்தான் அந்த முத்தரசி வந்துது. நீங்க உக்காந்திருக்கீங்களே, இந்த எடத்துலதான். எம்புட்டு நல்லாச் சொல்லுச்சு தெரியுமா? இந்த மண்ணுல சத்து செத்துப்போச்சு, மண்ணுல இல்லாதது சோளத்தட்டுல இல்ல, தட்டுல இல்லாதது மாட்டு ஒடம்புல இல்ல. செம்பு, துத்தநாகம், இன்னும் என்னமோ. கண்ணுக்குத் தெரியாத அளவுதான் வேணுமாம், ஆனா அது இல்லைன்னா ஹார்மோன் சுரக்காது, ஹார்மோன் சுரக்கலைன்னா மாடு பருவத்துக்கு வராது. "மாட்டு மேல குத்தமில்லைங்கம்மா, அதுக்குக் குடுக்க வேண்டியதை நாம குடுக்கல" அப்படின்னுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஒம்போது மாசமா அந்த ஒரு பேச்சை யாராச்சும் சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன்.

ஊருல மொத்தம் இருவத்தி நாலு மாடு எடுத்தாங்க. ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு வெள்ளை டப்பா. பாதி டப்பாவுக்கு நீல மூடி, பாதிக்குச் செகப்பு மூடி. மாட்டு நம்பரை மூடி மேல மார்க்கர்ல எழுதிக் குடுத்தாங்க. தினமும் காத்தால ஒரு கரண்டி தவுட்டுல கலந்து வெக்கோணும். ஒரு கலர் டப்பாவுல தாது உப்பு, இன்னொரு கலர்ல சும்மா மாவு. அப்பத்தான எதனால பருவத்துக்கு வந்துதுன்னு தெரியும், அப்படின்னாங்க. என்ற செவலைக்கு நீல மூடி, பதினேழாம் நம்பர். பூங்கொடி காரிக்குச் செகப்பு மூடி, பதினெட்டு.

"எதுல கண்ணு மருந்து இருக்குது?" அப்படின்னு கேட்டேன்.

"எனக்கே தெரியாதுங்கம்மா. எங்க சாரு ஒரு கவர்ல எழுதி ஒட்டி வெச்சிருக்காரு. எல்லாம் முடிஞ்ச பொறகுதான் பிரிப்பாரு" அப்படின்னுச்சு.

நீங்களே சொல்லுங்க அம்மணி. சோறு போடறவளுக்கு எந்தச் சட்டியில கறி கெடக்குதுன்னு தெரியாமப் போகுமா? எனக்கு நம்பிக்கை வரல. இப்பவும் சொல்றேன், தெரியும்னு சொல்லியிருந்தா ஒரு வம்பும் வந்திருக்காது. தெரியாதுன்னு சொன்னதுதான் என்ற மனசுல முள்ளாக் குத்துச்சு.

அப்புறம் பாக்கறேன். ரத்தம் எடுக்க வந்தா என்ற மாட்டுகிட்ட அஞ்சு நிமிசம். காரிகிட்ட கால் மணி நேரம். காரி ஒதைக்கற மாடு, அதனால நேரம் ஆகுமுன்னு எங்கூட்டுக்காரரு சொன்னாரு. அவரு அப்படித்தான் சொல்லுவாரு. எங்கூட்டுல மோரு குடுத்தா வேண்டாங்கம்மா, அவ வீட்டுல டீ குடுத்தா ஒக்காந்து குடிக்குது. பூங்கொடி இருக்கறாளே, அவ கேக்காமயே எல்லாம் கெடைக்கற சென்மம். கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து நான் பாத்துட்டு இருக்கேன். மாமியாக்காரி எனக்குக் குடுத்த மாம்பழம் புளிக்கும், அவளுக்குக் குடுத்தது இனிக்கும். ஒரே மரத்துப் பழம்தான்.

எட்டு நாளாச்சு. என்ற செவலை அந்தப் பொடியை வெச்சா மூஞ்சியத் திருப்புது. தவுட்டைச் சுத்திச் சுத்தி ஊதிப்போட்டு மேலாக்கத் திங்குது. காரி அப்படியில்ல, தவுட்டுத் தாளியை நக்கி வழிச்சு வெக்குது. காரி தோலுகூட ஒரு மினுமினுப்பு வந்தாப்பல இருந்துது. ஒம்பதாம் நாளு பூங்கொடி அவங்கம்மா ஊருல சீருன்னு போயிட்டா. மத்தியானம். ஒருத்தருமில்ல. ரெண்டு டப்பாவும் அதோ அந்த மாடக்குழியில பக்கத்துப் பக்கத்துல இருந்துது. தொறந்தேன். தொட்டு நாக்குல வெச்சுப் பாத்தேன்.

என்ற டப்பாவுல இருந்தது செங்கல் பொடியாட்டம். வாயெல்லாம் கச்சக்கச்சன்னு, துருப்புடிச்ச ஆணியை நக்கினாப்பல. அவளது லேசாத் தித்திச்சுது.

அப்பவே தெரிஞ்சு போச்சுங்க. அவளுக்குத் தித்திப்பு, எனக்கு மண்ணு. பழசேதான். நான் கோவப்படல. அவ டப்பாவுல இருந்து ஒரு கரண்டிகூடத் திருடல. என்ன பண்ணுனேன்? ரெண்டு மூடியையும் திருகி மாத்திப்போட்டேன். அம்புட்டுதான். டப்பா ரெண்டும் ஒரே மாதிரி வெள்ளை, நம்பர் மூடி மேலதான இருக்குது? நீல மூடி இப்ப தித்திப்பு டப்பா மேல. ஒரு நிமிசம்கூட ஆகல. கையக் கழுவிட்டு வந்து சோறு தின்னேன்.

நாலு நாள் கழிச்சு பூங்கொடி சொல்றா, "அக்கா, காரி என்னமோ பொடியைக் கண்டா மூஞ்சியத் திருப்பறா."

"பழகீரும் புள்ள. கொஞ்சம் வெல்லத் தண்ணி தெளிச்சுக் குடு" அப்படின்னேன்.

தெளிச்சுக் குடுத்தா. மறக்காம, ஒரு நாள் விடாம குடுத்தா. நானும் அப்படித்தான். என்ற செவலை இப்ப தாளியை நக்கித் திங்குது. எனக்குச் சந்தோசம் தாங்கல. அது தின்னு முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே நிப்பேன். தின்னுட்டு முந்தானையைத் தேடும்.

ஆனி மாசம் ஒரு நாள் காத்தால கட்டுத்தறியில இருந்து கத்தல். தூக்கத்துல இருந்து எந்திரிச்சு ஓடறேன், சேலையைக்கூட சரியாச் சுத்தல. காரி கத்துது. கயித்தை இழுத்துட்டு, கண்ணாடியாட்டம் ஒழுகிட்டு, நிக்க முடியாம கத்துது. என்ற செவலை பக்கத்துல நின்னு அசை போட்டுட்டு அதைத் திரும்பிப் பாத்துது. பூங்கொடி வந்து என்ற கையப் புடிச்சுக்கிட்டா. "அக்கா, இன்னும் ரெண்டு நாள்ல உங்களுதும் கத்தும் பாருங்க" அப்படின்னா.

நான் என்ன நெனச்சேன் தெரியுமா? மொதல் எட்டு நாளு காரி தின்னுதே, அதுதான் வேலை செஞ்சிருக்குது, நான் மாத்தறதுக்கு எட்டு நாள் தாமதம் பண்ணிப்போட்டேன்னு நெனச்சேன். மொத நாளே மாத்தியிருக்கோணும்னு நெனச்சேன். காரிக்கு ஊசி போட்டாங்க. ஒரே ஊசி. செனை நின்னுருச்சு.

செவலை கத்தல. அறுபது நாளும் முடிஞ்சுது. ஆடி வந்துது. தினமும் காத்தால போய் அதோட வாலைத் தூக்கித் தூக்கிப் பாப்பேன். ஒண்ணுமில்ல. நான் அதை அடிச்சேன் ஒரு நாள். தடியில அடிச்சேன். அதுவரைக்கும் அடிச்சதில்ல.

ஆவணி ரெண்டாந் தேதி அடிமாட்டு வண்டி வந்துது. செவலை அதுல ஏற மாட்டேன்னு நின்னுட்டுது. நாலு பேரு தள்ளறாங்க, காலை ஊனிட்டு நிக்குது. எங்கூட்டுக்காரரு வந்து என்னையக் கூப்பிட்டாரு. "நீ முன்னால நடந்தா வந்துரும்" அப்படின்னாரு. நடந்தேன். பலகை மேல நான் ஏறுனேன், அதும் பின்னாலயே ஏறுச்சு. உள்ள போய் நின்னு முந்தானையைத் தேடுச்சு. நான் அக்கட்டால எறங்கிட்டேன்.

மோரு இன்னொரு டம்ளர் ஊத்தட்டுங்களா? வேண்டாமா. சரி.

ஐப்பசியில சொசைட்டியில கூட்டம் போட்டாங்க. முத்தரசியும் அவங்க சாரும் வந்தாங்க. அந்த ஒட்டுன கவரை எல்லாரு முன்னாலயும் பிரிச்சாங்க. மெய்யாலுமே ஒட்டித்தான் இருந்துது, முத்தரசியே எட்டி எட்டிப் பாத்துது. சாரு படிக்கறாரு. "நீல மூடி, தாது உப்பு. செகப்பு மூடி, அரிசித் தவுடும் கொஞ்சம் வெல்லப் பொடியும்."



அந்தச் செங்கல் பொடிதான் மருந்து அம்மணி. எனக்குக் குடுத்ததுதான். மொதல்லயே எனக்குத்தான் குடுத்திருக்காங்க. என்ற வாழ்க்கையில ஒரே ஒரு தடவ நல்லது எனக்குன்னு வந்துது, அதை என்ற கையாலயே திருகி அடுத்த வீட்டுக்குக் குடுத்துப்போட்டேன்.

அதோட விட்டாங்களா? முத்தரசி எந்திரிச்சு, "பதினேழாம் நம்பர் மாடுதான் எங்களுக்குப் புரியல. தாது உப்பு தின்ன மாட்டுக்கு ரத்தத்துல செம்பு ஏறவே இல்ல, ஹார்மோனும் அசையல. தின்னாத பதினெட்டாம் நம்பருக்கு ரெண்டும் ஏறியிருக்குது. அத்தாயிம்மா, நீங்க தினமும் வெச்சீங்களா?" அப்படின்னு கேக்குது. எல்லாரு முன்னாலயும்.

"வெச்சேனுங்க" அப்படின்னேன். பொய் இல்லீங்களே? தினமும் வெச்சேன். மூடியை மாத்துனீங்களான்னு அந்தப் பொண்ணு கேக்கவே இல்ல. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனோ என்னமோ. படிச்ச பொண்ணு, கேக்க வேண்டியதைக் கேக்கோணுமில்ல?

பின்னால இருந்து ஒருத்தன் சொல்றான், "டப்பாவை அப்படியே வெச்சுட்டுத் தூங்கியிருக்கும்." எல்லாரும் சிரிச்சாங்க. சொன்னவன் யாரு? வடக்குத் தோட்டத்துக்காரன். அவன் டப்பாவுல பாதியைக் கோழிக்குப் போட்டவன். எனக்குத் தெரியும். நான் வாயத் தொறந்தனா?

அப்ப பூங்கொடி எந்திரிச்சா. கூட்டத்துல ஒரு நாளும் பேசாதவ. "எங்கக்காளை அப்படிச் சொல்லாதீங்க. ஒரு நாளு தவறாம வெச்சாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். மாடு தின்னு முடிக்கற வரைக்கும் அந்த எடத்தை விட்டு நகர மாட்டாங்க. அந்த மாடு போன அன்னைக்கு எங்கக்கா அடுப்புப் பத்த வெக்கல" அப்படின்னு சொல்லிட்டு அழுவறா.

யாரு அவளைச் சாட்சி சொல்லச் சொன்னது? சும்மா இருந்திருக்கலாமில்ல? அவன் சொன்னதை நான் பொறுத்துக்கிட்டேன். இவ சொன்னதைத்தான் பொறுக்க முடியல.

முத்தரசிக்கு அந்தப் படிப்பு ஒரு வருசம் தள்ளிப்போச்சாமே? வேற ஊருல மறுபடியும் மொதல்ல இருந்து பண்ணுச்சா? ம். எனக்கென்னங்க தெரியும், ரெண்டு டப்பா மூடியில ஒரு பொண்ணு படிப்பு நிக்குமுன்னு. சொல்லிக் குடுக்கறப்ப அதையும் சொல்லியிருக்கோணும்.

காரி கன்னு போட்டுது. பங்குனி மாசம். கிடேரிக் கன்னு. காரி கறுப்பு, ஊசி போட்டது ஜெர்சி, கன்னு பொறந்தது அப்படியே செவலை. நெத்தியில வெள்ளைப் பொட்டோட, என்ற மாட்டை அச்சுல வார்த்தாப்பல. நான் கிட்டப் போகல. நாலு மாசம் கட்டுத்தறியில அந்தப் பக்கம் பாக்காமயே சாணி அள்ளுனேன்.

பால் மறந்த பொறகு ஒரு நாள் பூங்கொடி அந்தக் கன்னை ஓட்டிட்டு வந்து என்ற வாசல்ல நிக்கறா. கழுத்துக்குப் புதுக் கயிறு, மஞ்சக் குங்குமம். "அக்கா, இது உங்களுக்கு. நிறத்தைப் பாருங்க, உங்க செவலையே திரும்பி வந்துட்டா" அப்படின்னா.

வேண்டாமுன்னு சொன்னேன். மூணு தடவ சொன்னேன். ஊரு பாக்கோணும்னு குடுக்கறான்னு நெனச்சேன். இன்னைக்கும் அப்படித்தான் நெனச்சுக்கறேன். அப்படி நெனச்சாத்தான் அந்தக் கயித்தைக் கையில புடிக்க முடியுது. அன்னைக்கு அந்தக் கன்னு வந்து என்ற முந்தானையை வாயில வெச்சுது. அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?

அதுதான் இது. உங்க ஃபாரத்தைத் திங்கப் பாக்குதே, இதேதான். பேரு வெக்கல. அவ செவலைன்னு கூப்பிடுவா. நான் ஒண்ணும் கூப்பிடறதில்ல. ரெண்டு வயசு தாண்டிப்போச்சு, இன்னும் கத்தல. அக்கட்ட காரியும் போன ஈத்துக்கப்புறம் சும்மாவே நிக்குது. எங்கூட்டுக்காரரு இந்தத் தடவ ஒண்ணும் சொல்லல. நேத்தைக்குத் துண்டை ஒதறித் தோள்ல போட்டாரு. அன்னைக்குப் போட்டாப்பலயே போட்டாரு.

அதனால போடறேன். கையெழுத்துப் போடாம என்ன. மாட்டு மேல குத்தமில்லைன்னு அந்தப் பொண்ணு சொன்னது மெய்தான?

எங்க, டப்பாவைக் காட்டுங்க. இந்தத் தடவ பச்சையும் மஞ்சளுமா? இந்தக் கிடேரிக்குப் பச்சை மூடி. காரிக்கு மஞ்சள். ம். உங்களுக்கும் எதுல என்னன்னு தெரியாது. கவரை ஒட்டி வெச்சிருக்காங்க. தெரியும், தெரியும். உங்களை நம்பறேன்.

மஞ்சள் டப்பா கொஞ்சம் கனமாத் தெரியுதுங்களே. இல்லியா? ரெண்டும் ஒரே எடைதானா? கையில தூக்கிப் பாத்தாத் தெரியாதுங்களா. இருக்கட்டும்.

அதோ பூங்கொடி வாரா. உங்களுக்கு டீ போட்டுக் கொண்டாரா பாருங்க. அவளுக்கும் சேத்துத்தான் கையெழுத்து வாங்கோணும், அவ போடுவா, எங்க காட்டுனாலும் போடுவா. அவகிட்ட நான் சொன்னது ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க. அந்த டீயைக் குடிங்க, நல்லாத்தான் போடுவா.

அம்மணி, அவ வாரதுக்குள்ள ஒண்ணு. அந்த மார்க்கரை எடுங்க. நம்பரை மூடி மேல எழுதாதீங்க. டப்பா மேல எழுதுங்க, அழியாத மையில, நாலு பக்கமும் பெருசா எழுதுங்க. மூடி ரெண்டையும் ஒரே கலருல குடுங்க. உங்க சாரு ஒத்துக்க மாட்டாருன்னா, என்ற டப்பாவை அவ வீட்டுக்குள்ள கொண்டு போய் வெச்சுருங்க, தினமும் அவளே ரெண்டு மாட்டுக்கும் அள்ளி வெக்கட்டும். அவ ஒழுங்கா வெப்பா. இந்த மாடக்குழியில மட்டும் ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சுட்டுப் போயிராதீங்க, நான் மாத்திப்போடுவேனுங்க.